அறுவைக்குப் பின் வீட்டு முயலின் வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தடை, விதை நீக்கம், பல் அறுவை, சிறுநீர்ப்பைக் கல், கட்டி அகற்றல் என எந்த அறுவையாக இருந்தாலும், மருத்துவமனையிலிருந்து கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் முயல் வளர்ப்பவரின் வேலை தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பெண் முயலின் கருப்பை நீக்க அறுவையை முன்வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை என்பதால் அதில் வலி மிகுதி. வீட்டு முயல்களுக்கு அடிக்கடி செய்யப்படுவதும் அதுதான். நான் கால்நடை மருத்துவர் அல்லள். 11 ஆண்டுகளாக முயல் வளர்ப்பவள். இங்கே தரும் அளவுகள் உங்கள் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காகத் தரப்படுபவை. அவரைக் கேட்காமல் நீங்களே மருந்து கொடுப்பதற்காக அல்ல.

என் முயல் அழவுமில்லை, கத்தவுமில்லை. அதற்கு வலி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முயல் வலியில் பெரும்பாலும் கத்துவதில்லை. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் உயிர் தன் பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் அதுவே முதலில் பிடிபடும். ஆகவே வலியை மறைப்பது அதன் உடம்போடு பிறந்த பழக்கம். அதிலும் மனிதர் ஒருவர் அருகில் வந்து உற்றுப் பார்க்கும்போது முயல் இன்னும் அசையாமல் உறைந்துவிடும். எனவே முதல் அறிவுரை, அதன் முன்னால் போய் உட்காராதீர்கள் என்பதே. அறையின் மறுகோடியில் அமர்ந்து ஏதேனும் வேலை செய்வதுபோல் இருந்துகொண்டு 10 நிமிடம் கவனியுங்கள். அல்லது கைபேசியைக் கூண்டுக்கு எதிரே நிறுத்திக் காணொளியாகப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்பதே அதன் உண்மை நிலை.

முகத்தைப் படிப்பதற்கு 2012இல் வெளியான ஓர் அளவுகோல் இருக்கிறது. கண், கன்னம், மூக்குத் துளை, மீசை, காது ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் இடுவது அதன் முறை. வலி இல்லாத முயலின் கண் உருண்டையாகத் திறந்திருக்கும்; வலியுள்ள முயல் கண்ணைப் பாதி சுருக்கி, சுற்றியுள்ள தோலை இறுக்கி வைத்திருக்கும். உருண்டு திரண்ட கன்னம் தட்டையாகி முகம் கூர்மைப்பட்டுத் தோன்றும். மூக்கின் வளைந்த கீழ்விளிம்பு கீழ்நோக்கி இழுபட்டுக் கூர்மையாகும். மீசை மயிர்கள் விறைத்து நிற்கும். காதுகள் இறுகச் சுருண்டு முதுகோடு ஒட்டியோ பின்புறம் திரும்பியோ இருக்கும். தூங்கும் முயலுக்கும் கண் பாதி மூடியிருக்கும் என்பதையும், காது தொங்கும் இன முயல்களுக்குக் காதைக் கொண்டு எதுவும் சொல்வது கடினம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே முயலின் முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல துணை வேறில்லை.

முகத்தோடு நின்றுவிடவும் கூடாது. வயிற்று அறுவைக்குப் பிறகு வலியுள்ள முயல் முதுகைக் கூனிக் கால்களை உடம்புக்கு அடியில் ஒடுக்கி ஒரு மூலையில் உட்காரும். அல்லது வயிற்றைத் தரையில் அழுத்திக்கொள்ளும். திடீரென்று விலாத் தோல் துடிக்கும், உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கும், நகரும்போது தடுமாறும். நிலைகொள்ளாமல் இடம் மாற்றி மாற்றிப் படுப்பதும் வலியே. பல்லைக் கடிக்கும் ஓசையில் இரண்டு வகை உண்டு: தலையைத் தடவும்போது மெல்ல நறநறவென்று வருவது சுகத்தின் ஓசை, தனியாக மூலையில் அமர்ந்து உரக்க, விட்டுவிட்டுக் கடிப்பது வலியின் ஓசை. ஒருமுறை இரண்டையும் கேட்டவர்களுக்குப் பிறகு குழப்பம் வராது.

வலி என்பது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதானே? முயலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

முயலுக்கு வலி துன்பம் மட்டுமல்ல, உயிரைப் பறிக்கும் ஆபத்தும்கூட. அதன் குடல் இரவும் பகலும் ஓயாமல் இயங்க வேண்டிய அமைப்பு. உணவிலுள்ள நார் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டுச் சத்தாக மாறுகிறது. அதற்கு உணவு தொடர்ந்து உள்ளே வந்துகொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்க வேண்டும். வலியும் அச்சமும் ஏற்படும்போது உடல் போராடுவதற்கோ ஓடுவதற்கோ தயாராகிறது. அந்த நிலையில் நரம்பு மண்டலம் குடலின் அசைவைக் குறைத்துவிடும். குடல் நின்றால் வாயு சேர்கிறது, இரைப்பையில் இருப்பது நீர் வற்றி இறுகுகிறது. வாயு சேர்வதால் மேலும் வலி, வலியால் மேலும் பசியின்மை, உண்ணாததால் குடல் இன்னும் மந்தம். இந்தச் சுழலைத்தான் குடல் தேக்கம் என்கிறோம். வாந்தி எடுக்கும் வழியும் முயலுக்கு இல்லை. உண்ணாமலே நாட்கள் கடந்தால் உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அது கல்லீரலில் படிந்து பழுதாக்கும். உடல் பருத்த முயலுக்கு இது இன்னும் விரைவாக நேரும்.

அறுவை நன்றாக முடிந்து, தையலும் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்த முயல் மூன்றாம் நாள் இறந்துபோனது என்று கேள்விப்படும் பல கதைகளின் உள்ளே இருப்பது இந்தச் சுழல்தான். எனவே சாப்பிடாத முயலைக் கண்டால் “பசி இல்லை போலிருக்கிறது” என்று எண்ணாமல், “வலி இருக்கிறது” என்றே எடுத்துக்கொண்டு, அது இல்லை என்று உறுதியாகும் வரை அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலாவதாக, வலி மருந்து எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன்பே கொடுக்கப்படும் வலி மருந்து, வெட்டிய பிறகு கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். வலிச் செய்தி ஒருமுறை நரம்புகளைக் கிளறிவிட்டால் அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும். வெட்டும் இடத்தில் லிக்னோகெய்ன் அல்லது புபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்து செலுத்தப்படுமா என்பதையும் கேட்கலாம். மயக்க மருந்து வேறு, வலி மருந்து வேறு என்பதை வளர்ப்பவர்கள் தெளிவாக உணர வேண்டும். ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயு முயலைத் தூங்கவைக்கும். விழித்த பிறகு வலியைப் போக்காது.

இரண்டாவதாக, வீட்டுக்கு எடுத்துச் செல்ல எத்தனை நாள் வலி மருந்து தருவார்கள் என்று கேளுங்கள். என் முதல் பெண் முயலுக்கு அறுவை நடந்தபோது ஓர் ஊசி போட்டு, அதுவே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த நாள் முழுதும் அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கையில் மருந்து இல்லாமல் மருத்துவமனைப் படியை விட்டு இறங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அதுவே காரணம்.

மூன்றாவதாக, பட்டினி பற்றிய கேள்வி. நாய்க்கும் பூனைக்கும் முந்தைய இரவிலிருந்து உணவு நிறுத்தச் சொல்வது மயக்கத்தில் வாந்தி வரக்கூடாது என்பதற்காக. வாந்தி எடுக்காத முயலை அவ்வாறு இரவு முழுதும் பட்டினி போடுவது தேவையற்றது மட்டுமல்ல, குடலுக்குத் தீங்கும்கூட. வாயில் உணவுத் துணுக்கு இல்லாதிருக்க ஓரிரு மணி நேரம் முன்பு உணவை எடுத்தால் போதும். “இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள்” என்று எழுதிய பொதுத் தாளை உங்களிடம் நீட்டினால், இது முயலுக்கும் பொருந்துமா என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள். அந்த விடையிலிருந்தே அங்கு முயல் மருத்துவம் எவ்வளவு பழகியது என்பதும் தெரிந்துவிடும்.

என்னென்ன வலி மருந்துகள் கொடுக்கப்படுகின்றன?

வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுவது பெரும்பாலும் மெலாக்சிகம். வலியோடு வீக்கத்தையும் குறைக்கும் மருந்து இது. வாய்வழித் திரவமாகவும் ஊசியாகவும் கிடைக்கிறது. நம் நாட்டில் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து உடலில் தங்கிய மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததே காரணம். கழுகுகளுக்குத் தீங்கில்லாத மாற்றாகக் கண்டறியப்பட்டது மெலாக்சிகம். அதனால் சிறிய ஊர்களின் கால்நடை மருந்துக் கடைகளிலும் அந்தப் பெயர் பழகிவிட்டது. ஆனால் மாடுகளுக்கென்று விற்கப்படும் சில ஊசிகளில் மெலாக்சிகத்தோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கும். முயலுக்கு வாங்கும்போது புட்டியின் மேலுள்ள சிறிய எழுத்தை முழுதும் படிக்க வேண்டும்.

வயிற்று அறுவைக்கு மெலாக்சிகம் மட்டும் முதல் நாளில் போதாது. பியூப்ரெனார்பின், பியூட்டோர்ஃபெனால் போன்ற அபினி வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே முறை. இவற்றுள் பியூப்ரெனார்பின் 6 முதல் 12 மணி நேரம் வரை வேலை செய்யும். பியூட்டோர்ஃபெனாலின் பலன் குறுகியது. இந்தியாவில் பியூப்ரெனார்பின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் எல்லாச் சிறு மருத்துவமனைகளிலும் இருப்பு இருக்காது. அறுவை நாளைக் குறிக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. டிராமடால் மாத்திரையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வாய்வழி கொடுத்தபோது முயலின் இரத்தத்தில் அது போதிய அளவை எட்டவில்லை என்று ஆய்வில் தெரிந்திருப்பதால், அதை மட்டுமே நம்பியிருக்க நான் உடன்பட மாட்டேன்.

நாய்க்குக் கொடுப்பதைவிட என் முயலுக்கு மெலாக்சிகம் அதிகமாக எழுதியிருக்கிறார்களே, தவறாக இருக்குமோ?

பெரும்பாலும் தவறு இல்லை. முயலின் உடல் மெலாக்சிகத்தை நாயைவிட விரைவாக வெளியேற்றிவிடுகிறது. நாய்க்கு முதல் நாளுக்குப் பிறகு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது வழக்கம். முயலுக்கு முன்பு 0.2, 0.3 என்றே கொடுத்துவந்தார்கள். அந்த அளவில் இரத்தத்தில் மருந்து போதிய அளவு சேர்வதில்லை என்று தெரிந்த பின், இப்போது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.6 முதல் 1 மில்லிகிராம் வரை தரப்படுகிறது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 29 நாட்கள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில் நலமான முயல்கள் அதை நன்றாகவே தாங்கின. இதன் பொருள் என்னவென்றால், பயத்தினால் அளவைக் குறைத்துக் கொடுப்பது பாதுகாப்பு அன்று. முயலை வலியோடு விட்டுவிடுவதாகும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். முயலின் எடை 2 கிலோ, மருத்துவர் எழுதியது கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்றால், ஒரு நாளைக்கு 1.2 மில்லிகிராம். மருந்து ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம் செறிவுள்ளது என்றால் கொடுக்க வேண்டியது 0.8 மில்லி. அதே மருந்து பூனைக்கென்று வரும் 0.5 மில்லிகிராம் செறிவில் இருந்தால் 2.4 மில்லி. “அரை மில்லி கொடுங்கள்” என்று யாரோ சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு செறிவைப் பார்க்காமல் கொடுப்பதில்தான் தவறுகள் நேர்கின்றன. இன்னொரு பொறியும் உண்டு: நாய்க்கான மருந்துப் பெட்டியில் வரும் சிரிஞ்சில் நாயின் எடைக்கேற்பக் கிலோக் கோடுகள் போட்டிருக்கும். முயலின் எடைக்கு அந்தக் கோடு வரை இழுத்தால் நாயின் அளவுதான் வரும். மருந்துக்கடையில் 1 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை இங்கு வேண்டும். உடலில் நீர் வற்றிய முயலுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள முயலுக்கும் இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முயல் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் முதலில் நீர்ச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். மருத்துவமனையில் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவார்கள்.

அபினி வகை மருந்து குடலை நிறுத்திவிடும் என்கிறார்கள். அது இல்லாமலே இருப்பது நல்லதல்லவா?

அவை குடலின் வேகத்தைக் குறைக்கின்றன என்பது உண்மை. புழுக்கையின் எண்ணிக்கையும் உணவின் அளவும் அந்த நாளில் சற்றுக் குறையும். ஆனால் அடக்கப்படாத வலி அதைவிடக் கொடிதாகக் குடலை நிறுத்தும். ஆகவே முதல் நாளின் கடும் வலிக்கு அவற்றைக் கொடுத்து, மெலாக்சிகத்தையும் சேர்த்து, கையால் உணவூட்டி அந்த மந்தத்தை ஈடுகட்டுவதே நடைமுறை. நாள் கணக்கில் தொடர்வது வேறு கதை. அதற்குத் தனிக் காரணம் வேண்டும். வசதியுள்ள மருத்துவமனைகளில் லிக்னோகெய்னைச் சொட்டுச் சொட்டாக இரத்தக் குழாயில் செலுத்தும் முறையும் இருக்கிறது. கருப்பை நீக்கிய முயல்களில் பியூப்ரெனார்பினோடு ஒப்பிட்டபோது, அம்முறையில் முயல்கள் கூடுதலாக உண்டதும் கூடுதலாகப் புழுக்கை போட்டதும் பதிவாகியிருக்கிறது.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் வழிவகுக்கும். மெலாக்சிகத்தோடு சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். ஸ்டீராய்டு மருந்துகளும் அப்படியே. அவை முயலின் நோய் எதிர்ப்பாற்றலை வெகுவாகக் குறைத்துவிடுபவை.

வலி மருந்தைவிடவும் கடுமையாக எச்சரிக்க வேண்டியது ஆன்டிபயாட்டிக் பற்றி. “புண் சீழ் பிடிக்காமல் இருக்கட்டும்” என்று வீட்டிலுள்ள அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்து முயலைக் கொன்றவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை முயலின் வாய்வழி கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, சில நாட்களில் கழிந்து இறந்துவிடும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய இடத்தில் இவை எழுதிக் கொடுக்கப்பட்டாலும், தயங்காமல் “முயலுக்கு இது வாய்வழி கொடுக்கலாமா” என்று கேட்டுவிடுங்கள்.

மருந்தைக் கண்டாலே ஓடுகிறது. எப்படிக் கொடுப்பது?

முயலைத் தரையிலோ மேசை மீது விரித்த துண்டிலோ வைத்து, துண்டின் இரு ஓரங்களையும் கழுத்தைச் சுற்றி வளைத்து உடலை மூடிக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போடவே கூடாது. மூச்சுக்குழலுக்குள் மருந்து போய்விடும், பயத்தில் உதைத்து முதுகெலும்பையும் முறித்துக்கொள்ளும். முன்பற்களுக்குப் பின்னால், வாயின் பக்கவாட்டில் பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சின் முனையை அங்கே நுழைத்து, கால் மில்லியாக விட்டு, மெல்லுவதைப் பார்த்த பிறகு அடுத்ததை விடுங்கள். மெலாக்சிகத் திரவம் பெரும்பாலும் இனிப்பாக இருப்பதால் இரண்டாம் நாளில் தானே வந்து நக்கும் முயல்களும் உண்டு. அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வெறும் சிரிஞ்சில் ஒரு சொட்டு வாழைப்பழக் கூழ் வைத்துப் பழக்கியிருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

எத்தனை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும்? சாப்பிடாவிட்டால் என்ன செய்வது?

அறுவையன்று மாலைக்குள் ஓரிரு இலைகளையாவது கடிக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் தானாக உண்ணவும் புழுக்கை போடவும் தொடங்கியிருக்க வேண்டும். 12 மணி நேரம் உணவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் மருத்துவரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. முதல் நாள் புழுக்கை சிறுத்தும் எண்ணிக்கை குறைந்தும் இருப்பது இயல்பு. நான் தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, வேளைக்கு வேளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதுவேன். கேட்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். தொலைபேசியில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

உண்ணாத முயலுக்கு முதலில் அதற்குப் பிடித்தமானதை முன்னால் வையுங்கள். கொத்தமல்லித் தழை, துளசி, புதினா, அப்போது பறித்த அருகம்புல், முயல் மசால் என்னும் தீவனப்பயிர், கல்யாணமுருங்கை இலை என்று மணமுள்ளவை ஆசையைத் தூண்டும். பழக்கமில்லாத புது உணவை அன்றைக்குத் தொடங்க வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். முயலுக்கென்று விற்கப்படும் மீட்புணவுத் தூள் இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் வழக்கமான முயல் தீவனக் குச்சிகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மசித்து, வடிகட்டிக் கொள்ளலாம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி வீதம் ஒரு வேளைக்கு என்று, நாளுக்கு நான்கைந்து வேளை கொடுக்கலாம். பால், சோற்றுக் கஞ்சி, குளுக்கோஸ் கரைசல் ஆகியவை உணவுக்கு மாற்றாகா. நார் இல்லாமல் குடல் நகராது.

ஆனால் ஒன்று. வயிறு மத்தளம்போல் உப்பி இறுகியிருந்தால் ஊட்டக் கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலியைக் குறைக்காமல் உணவை மட்டும் திணிப்பதும் பயனற்றது. மருந்து கொடுத்து அரை மணி, ஒரு மணி கழித்து ஊட்டினால் தானாகவே மெல்லத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எத்தனை நாட்கள் வலி மருந்து தேவைப்படும்?

ஆண் முயலின் விதை நீக்கத்துக்கு 2 முதல் 3 நாட்கள், கருப்பை நீக்கத்துக்கு 3 முதல் 5 நாட்கள் என்பது பொதுவான கணக்கு. எலும்பு முறிவு அறுவைக்கு வாரக் கணக்கில் வேண்டியிருக்கும். முயல் மூன்றாம் நாள் துள்ளத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். அது துள்ளுவதே மருந்தினால்தான் என்பதை மறந்துவிடுகிறோம். எழுதிய நாட்கள் முடியும் வரை கொடுங்கள். நிறுத்திய மறுநாள் மீண்டும் ஒடுங்கி உட்கார்ந்தால், இன்னும் சில நாட்களுக்கு நீட்டிக்கக் கேளுங்கள்.

பல் அறுவைக்குப் பிறகும் இதே முறைதானா?

மருந்து அதேதான், உணவில் மாற்றம் வேண்டும். கடைவாய்ப் பல் முனைகள் நாக்கையும் கன்னத்தையும் கிழித்துப் புண்ணாக்கியிருந்தால், பல்லைத் தேய்த்துச் சரிசெய்த பிறகும் அந்தப் புண்கள் ஆறும் வரை மெல்லுவது வலிக்கும். பசி இருந்தும், உணவை வாயில் எடுத்துக் கீழே போடும் முயலைப் பார்த்தால் அதுவே அடையாளம். மென்மையான தழைகளைப் பொடியாக நறுக்கி வையுங்கள். ஊறவைத்த தீவனம் கொடுங்கள். காய்ந்த புல்லையும் எப்போதும் எதிரிலேயே வையுங்கள், ஏனெனில் பல் மீண்டும் தவறாக வளராமல் தடுப்பது அதுதான்.

அறை எப்படி இருக்க வேண்டும்? நம் ஊர் வெயிலில் சூடாக வைப்பதா, குளிராக வைப்பதா?

இதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். மயக்கத்திலிருந்து விழித்த சில மணி நேரம் வரை உடல் வெப்பம் குறையும். 38க்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது மின்விசிறிக்குக் கீழே வைக்கக் கூடாது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து, வேண்டாமென்றால் முயல் விலகிப் போக இடம் விடுங்கள். காது ஐஸ்போலச் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முழுதும் விழித்து நடமாடத் தொடங்கியபின், நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயில் எதிர்ப் பக்கத்து ஆபத்து. முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியேதான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அறை 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை வழுக்கக் கூடாது. மொசைக், டைல்ஸ் தரையில் பின்னங்கால் சறுக்கும்போதெல்லாம் வயிற்றுத் தையல் இழுபட்டு வலிக்கும். பருத்தி விரிப்பின் மேல் பழைய போர்வை போதும். மரத்தூள் புண்ணில் ஒட்டும், வேண்டாம். மலத்தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். மாடிக் கூண்டையும் கட்டில் ஏறுவதையும் 10 நாள் வரை தடுத்துவிடுங்கள்.

கூட்டாளி முயல் இருந்தால் பிரிக்க வேண்டாம். அருகில் படுத்து நக்கிக்கொடுக்கும் துணை, பயத்தைக் குறைத்து உண்ணவும் தூண்டும். துணை முரட்டுத்தனமாக ஏறினால் மட்டும் கம்பி வலையின் இருபுறமும் வையுங்கள். புதிதாக விதை நீக்கிய ஆண் முயலைக் கருத்தடை செய்யாத பெண்ணோடு மட்டும் 4 முதல் 6 வாரங்கள் விடக் கூடாது. அதுவரை கருவுறச் செய்யும் ஆற்றல் அதற்கு இருக்கும்.

தையலை நக்குகிறது. கழுத்தில் கூம்பு மாட்டலாமா?

கூடுமானவரை தவிர்க்கவும். முயல் தன் பின்புறத்திலிருந்து வரும் மென்புழுக்கையை நேராக வாயால் எடுத்து உண்ணும். அதிலுள்ள வைட்டமின்களும் புரதமும் அதற்குத் தேவை. கூம்பு அதைத் தடுக்கும், உண்ணுவதையும் தடுக்கும், பயத்தையும் கூட்டும். இரண்டொருமுறை நக்குவது இயல்பு. விடாமல் கடிப்பது, பெரும்பாலும் அந்த இடம் வலிக்கிறது அல்லது தையல் இறுகியிருக்கிறது என்பதன் அடையாளம். எனவே முதலில் வலி மருந்தை மருத்துவரோடு மறுபார்வை செய்யுங்கள். தையலைப் பிரித்துவிடும் அளவுக்குக் கடித்தால், உடலைச் சுற்றும் மென்மையான பருத்திச் சட்டையை முயன்று பாருங்கள். தோலுக்கு உள்ளேயே போடும் கரையும் தையலைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

புண்ணில் மஞ்சளோ வேப்பெண்ணெயோ தடவலாமா?

வேண்டாம். தடவியதை எல்லாம் முயல் நக்கி விழுங்கும். எண்ணெய்ப் பிசுக்கில் மயிரும் அழுக்கும் ஒட்டும். அதை நக்கி நக்கித் தையலும் பிரியும். சுத்தமான அறுவைக் காயத்துக்கு எதுவும் தேவையில்லை. நாளுக்கு இருமுறை பார்வையிடுவது மட்டும் தேவை. ஈக்களை மட்டும் அண்டவிடாதீர்கள். சிறுநீரில் நனைந்த மயிரிலும் கழிச்சல் ஒட்டிய பின்புறத்திலும் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழு வைத்துச் சதையைத் தின்னத் தொடங்கும். கொசுவலையால் கூண்டை மூடுங்கள்.

எந்த நிலையில் நள்ளிரவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும்?

வயிறு உப்பி இறுகுதல், காதும் பாதமும் சில்லிட்டு உடல் துவளுதல், வாய் திறந்து மூச்சுவிடுதல், ஈறு வெளுத்துப்போதல், தையல் பிரிந்து உள்ளிருப்பது தெரிதல், பிறப்புறுப்பிலிருந்து புது இரத்தம் சொட்டுதல், வலி மருந்து கொடுத்தும் 12 மணி நேரமாக எதுவும் உண்ணாமல் புழுக்கையும் போடாமல் இருத்தல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். போகும்போது மருந்துப் புட்டி, கடைசியாகக் கொடுத்த நேரமும் அளவும் எழுதிய தாள், கைபேசியில் எடுத்த காணொளி ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரவில் மருத்துவமனை திறந்திருக்காத ஊரில் இருப்பவர்கள், அறுவையை வாரத்தின் முதல் நாட்களில், காலை நேரத்தில் வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை செய்தால், உதவி தேவைப்படக்கூடிய நேரம் முழுவதும் விடுமுறையில் போய்விடும். அறுவை நடந்த நாளின் இரவில் நான் முயலின் அறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். இருட்டில் புல்லைக் கடிக்கும் ஓசை கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.